ஆற்றங்கரையில் புல்லாங்குழல்: காற்றும் சூடும் சுருதியும்

திறந்தவெளியில் குழலுக்கு முதல் எதிரி காற்றுதான். உதட்டிலிருந்து முத்திரைத் துளையின் (ஊதும் துளை) விளிம்பை நோக்கிப் போகும் மூச்சு மெல்லிய கீற்று. பக்கக்காற்று அதைச் சற்றே தள்ளினாலும் நாதம் உடைந்து வெறும் 'உஸ்' மட்டும் மிஞ்சும். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். அடிமரமோ பாறையோ மறைப்பாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது சுருதி. குழலுக்குள் இருக்கும் காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும், சுருதியும் ஏறும். 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர். 35 டிகிரியில் சுமார் 352. இந்த வித்தியாசம் மட்டுமே சுருதியைச் சுமார் 43 சென்ட் (சுர இடைவெளியை அளக்கும் நுண்ணலகு) உயர்த்திவிடும். அரைச்சுரம் என்பதே 100 சென்ட்தான்! சுருதிக்காகக் கைபேசிச் செயலியில் ஒலிக்கவிடும் தம்புராவுக்கு இந்த வெயில் உறைக்காது. ஆகவே ஐந்து நிமிடம் வாசித்துக் குழல் சூடான பிறகு, தம்புராவைக் குழலுக்கேற்பச் சென்ட் சென்ட்டாக நகர்த்துங்கள். உதட்டை வளைத்துச் சமாளித்தால் கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) கெடும்.

வெளியில் சுவரில்லை, எதிரொலியில்லை. ஒலி போதவில்லை என்று பலர் ஓங்கி ஊதுகிறார்கள். மத்திய ஸ்தாயி சட்டென்று மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். நான்கைந்து மீட்டர் தள்ளி ஒரு பாறை முகத்தைப் பார்த்து வாசித்தால் நாதம் காதுக்குத் திரும்பி வரும், மூச்சும் தானாக அடங்கும்.

மூங்கிலை வெயிலில் கிடத்தாதீர்கள். நார்வாக்கில் வெடிக்கும். இரு முனையிலும் நூல் இறுக்கிச் சுற்றியிருப்பது அந்த வெடிப்பு ஓடாமல் தடுக்கத்தான்.