பொரியின் கண்ணில் சிவப்பு

தீபாவளிக்கு மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். கூண்டைத் திறந்த என் மகள், "அம்மா, பொரி கண்ணுல ரத்தம்!" என்று கத்தினாள். கையில் இருந்த பால் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். பொரி எங்கள் வெள்ளை எலி. அந்த வெள்ளை முகத்தில் இடது கண்ணைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம், மூக்கு நுனியில் இரண்டு பொட்டு. குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துத் தடவியது போல இருந்தது.

கூடவே இருக்கும் இன்னொரு எலி கடலைதான் கடித்துவிட்டது என்று நினைத்து அதைத் தனியாக ஒரு வாளியில் விட்டேன். பாவம், அது ஒன்றுமே செய்யவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்ததும் சிவப்பு முழுக்கப் பஞ்சில் வந்துவிட்டது. அடியில் ஒரு கீறல்கூட இல்லை. அரை மணி நேரத்தில் மறுபடி கசிந்தது.

பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே நாயும் பூனையும்தான் அதிகம் வரும். கண்ணில் அடிபட்டிருக்கும் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் விட்டோம். சிவப்பு குறையவே இல்லை. மூன்றாம் நாள் இரவு பொரியைத் தோளில் வைத்திருந்தபோது, காதுக்குப் பக்கத்தில் 'கிர்க், கிர்க்' என்று ஒரு சத்தம். மூச்சு விடும் சத்தம்தான் அது. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

முயல், பறவை எல்லாம் பார்க்கும் ஒரு மருத்துவரை விசாரித்துக் கண்டுபிடித்தோம். பொரியைக் கையில் எடுத்ததும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. முன்னங்கால்களைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். அங்கே முடியெல்லாம் துருப்பிடித்த நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. முகத்தைத் துடைத்துத் துடைத்து அப்படி ஆகியிருக்கிறது. இத்தனை நாளில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"இது ரத்தம் இல்லைம்மா" என்றார். மேசை விளக்கை அணைத்துவிட்டு, கடைகளில் ரூபாய் நோட்டைச் சரிபார்க்க வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு புற ஊதா விளக்கை அழுக்கான பஞ்சின் மேல் காட்டினார். பஞ்சு ரோஜா நிறத்தில் மின்னியது. ரத்தமாக இருந்தால் இப்படி மின்னாது, இது போர்ஃபைரின் என்றார். எலியின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. கண்ணை ஈரமாக வைத்துக்கொள்ள அது எண்ணெய்ப் பசையோடு சுரக்கும் திரவத்தில் இந்தச் சிவப்பு நிறமி கலந்திருக்கும். கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கும் குழாய் வழியாக மூக்கிலும் வரும். எல்லா எலிக்கும் இது தினமும் சுரக்கிறது. நன்றாக இருக்கும் எலி முகம் கழுவும்போது அதையும் சேர்த்துத் துடைத்துவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. பயமோ வலியோ நோயோ வந்தால் சுரப்பு கூடும். முடியாத எலி முகம் கழுவுவதையும் விட்டுவிடும். அப்போதுதான் இப்படித் தெரியும்.

அதனால் சிவப்பைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதாது, உடம்பை எது படுத்துகிறது என்று தேட வேண்டும். கழுத்துக்கு அடியில் தடவிப் பார்த்தார். எலிகளுக்கு வரும் ஒரு கொரோனா வகை வைரஸில் அங்கே உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்குமாம். பொரிக்கு வீக்கம் இல்லை. அடுத்து ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற கிருமியாக இருக்கும் என்றார். வளர்ப்பு எலிகளில் பெரும்பாலானவற்றின் உடம்பில் அது ஏற்கெனவே இருக்கும், சூழ்நிலை கெட்டால் தலைதூக்கும்.

"கீழே என்ன போடுறீங்க?" என்று கேட்டார். தச்சுப் பட்டறையிலிருந்து அள்ளி வந்த மரத்தூள். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தூசி, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் மாற்றியதால் ஏறிய மூத்திர நெடி, பால்கனி ஓரம் வைத்த கூண்டு, இரண்டு நாள் வெடிச் சத்தமும் புகையும். எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் தூக்கி வர வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

டாக்ஸிசைக்ளின் எழுதினார், மூன்று வாரத்துக்கு. அளவு எடையைப் பொறுத்தது, கிராம் கணக்கு. அதனால் சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்துத் தினமும் நிறுத்தோம். முன்பு 282 கிராம் இருந்தவள், அன்று 259. மருந்தைப் பால், தயிரோடு கொடுக்கக் கூடாது, சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும் என்றார். முதல் நாள் வாயில் ஊற்றியபோது முழுவதையும் என் சட்டையில் துப்பிவிட்டாள். மறுநாள் ஒரு சிட்டிகை வாழைப்பழத்தை மசித்து அதில் கலந்து என் சுண்டுவிரல் நுனியில் வைத்தேன். இரண்டு கையாலும் விரலைப் பிடித்துக்கொண்டு நக்கி முடித்தாள். அதன் பிறகு ஊசியில்லாத சிரிஞ்சைத் தொடவே இல்லை.

மரத்தூளைக் கொட்டிவிட்டுக் கிழித்த காகிதமும் பழைய பருத்தி வேட்டித் துண்டுகளும் போட்டேன். துணியைத் தினமும் மாற்றினோம். கூண்டை உள் அறைக்குக் கொண்டுவந்தோம். கடலையை அன்றே மறுபடி சேர்த்து விட்டோம். தனியாக இருந்தால் அந்த ஏக்கமே எலிக்கு இன்னொரு தொந்தரவு. ஐந்தாம் நாள் மூக்கு சுத்தமானது. 'கிர்க்' சத்தம் போக இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. கிருமி முழுதாக ஒழியாது, திரும்ப வரலாம் என்று மருத்துவர் முன்னாலேயே சொல்லியிருந்தார். ஆறு மாதம் கழித்து ஒருமுறை வந்தது. இந்தத் தடவை முதல் நாளே கிளம்பிவிட்டோம்.

கடலைக்குக் கறுப்பு முகம், சிவப்பு வந்தாலும் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் அவள் முகத்தைத் துடைத்துப் பார்க்கிறேன்.

பொரிக்கு இப்போது ஒன்றே முக்கால் வயது. தூங்கி எழும்போது கண்ணோரம் கடுகளவு சிவப்பு இருக்கும். அது இயல்பானதுதான், ஆனாலும் நான் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன். இரண்டு கையையும் நக்கி, மூக்கிலிருந்து காதுவரை முகத்தைத் துடைத்துவிட்டு அவள் கிண்ணத்துக்குப் போனதும்தான் நான் அடுப்படிக்குத் திரும்புவேன்.