எட்டு மாதம் ஒழுகிய கியர் பெட்டி

காலையில் வாசல் தெளிக்கப் போகும் அம்மா, போர்ட்டிகோ பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கோலப்பொடி டப்பாவை எடுப்பாள். முதல் கைப்பிடி கோலத்துக்குப் போகாது, காருக்கு அடியில் கிடக்கும் ஆயில் மேல்தான் விழும். "ஏங்கண்ணு, உன்ற வண்டி இன்னிக்கும் மூத்திரம் பேஞ்சு வெச்சிருக்குது" என்று உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுப்பாள். எட்டு மாதம் இதுதான் எனக்கு சுப்ரபாதம்.

வண்டி 1999ஆம் வருடத்து பென்ஸ் இ-கிளாஸ். டபிள்யூ210 என்பார்களே, முன்னால் நான்கு உருண்டை விளக்கு வைத்தது, அதுதான். ஒரு மில்காரர் ஷெட்டில் ஆறு வருடம் தூசி தின்றுகொண்டிருந்ததைப் பேரம் பேசி, கோயம்புத்தூருக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். பிரேக், சஸ்பென்ஷன் புஷ், ஏசி என்று ஒவ்வொன்றாக உயிர் கொடுத்து முடித்தபோது கியர் பெட்டி ஒழுகத் தொடங்கியது. 722.6 என்ற எண் கொண்ட 5 கியர் ஆட்டோமேட்டிக். 1996 முதல் பென்ஸ் வண்டிகளில் வந்த பெட்டி. மஹிந்திரா இங்கே கொண்டுவந்த சாங்யாங் ரெக்ஸ்டனிலும் இதே குடும்பத்துப் பெட்டிதான் இருந்தது. உறுதியானது என்று பெயர் வாங்கியது. அந்தப் பெயரில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் 25 வயது ரப்பருக்குப் பெயரைப் பற்றி என்ன கவலை?

இந்தப் பெட்டியில் ஒரு விசேஷம். ஆயில் அளக்கும் குச்சி கிடையாது. குழாய் இருக்கிறது, மூடி இருக்கிறது, மூடிக்குச் சிவப்பாக ஒரு பிளாஸ்டிக் பூட்டும் இருக்கிறது. குச்சி பட்டறைக்காரர்களின் தனிக் கருவி. ஆரம்பத்தில் இதன் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்றார்கள், அப்புறம் மாற்றச் சொன்னார்கள். குச்சி இல்லாததால், சொட்டுச் சொட்டாக எவ்வளவு போயிருக்கிறது என்று வீட்டில் இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது.

முதல் பட்டறையில் வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்து ஒரே நிமிடத்தில் தீர்ப்பு சொன்னார்கள். "பேன் பேக்கிங் போயிருக்குங்க சார்." பார்த்தால் அப்படித்தான் இருந்தது. கியர் பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் தட்டுதான் பேன். அதன் விளிம்பு சுற்றிலும் ஈரம், அடியில் முத்து மாதிரி ஒரு சொட்டு தொங்குகிறது. பேக்கிங், ஃபில்டர், ஆயில் எல்லாம் புதிது போட்டு வந்தேன். நான்கு நாள் காய்ந்திருந்தது. ஐந்தாம் நாள் கோலப்பொடி.

இரண்டாம் முறை அதே பட்டறையில், புது பேக்கிங்குக்கு மேல் பேஸ்ட்டும் பூசி, போல்ட்டுகளை இன்னும் முறுக்கினார்கள். இது எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. அந்தப் பேனை ஆறு சின்ன போல்ட்டுகள்தான் பிடித்திருக்கின்றன, சொல்லப்பட்ட முறுக்கு 8 நியூட்டன் மீட்டர். கைவிசை என்றே சொல்லலாம். பலம் காட்டினால் பேன் வளையும், மரை போகும். நல்லவேளை, இரண்டும் நடக்கவில்லை. ஒழுகலும் நிற்கவில்லை.

வேறொரு பட்டறைக்குப் போனேன். அவர்கள் அந்தக் குச்சிக் குழாயின் அடியிலிருக்கும் ஓ-ரிங்கை, அதாவது ரப்பர் வளையத்தை, மாற்றினார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றதும், "அப்போ எஞ்சின் பக்கம் இருக்கிற முன் சீல்தாங்க. கியர் பாக்ஸை இறக்கணும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். நான் வண்டி வாங்கியதில் பாதி. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இடையில் ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் ஒன்று வாங்கி ஆயிலில் கலந்து பார்த்ததும் உண்டு. அடிப்பக்கம் முழுக்கத் திருவிழா சீரியல் செட் மாதிரி மின்னியது. எது புதுக் கசிவு, எது தெறித்தது என்று பிரிக்க முடியவில்லை. கழுவாமல் சாயம் போட்டது என் அவசரம்.

இதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேட்டுப்பாளையம் சாலையில் காரமடை தாண்டியதும் வண்டி இரண்டாம் கியரில் மாட்டிக்கொண்டது. நிறுத்தி, அணைத்து, மறுபடி எடுத்தாலும் அதே இரண்டாம் கியர். கியரைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் ஏதாவது கோளாறைக் கண்டால் பெட்டியைக் காப்பாற்ற இப்படிச் செய்யும் என்று படித்திருந்தேன். படித்ததால் நடுக்கம் குறையவில்லை. பின்னால் வந்த டவுன் பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே முந்திப் போக, 40ஐத் தாண்டாமல் வீடு வந்தேன். ஸ்கேனர் போட்டுப் பார்த்ததில் பெட்டிக்குள் இருக்கும் வேக சென்சாரில் பிழை என்று வந்தது. உள்ளே இருக்கும் எலக்ட்ரிக்கல் தட்டையே மாற்ற வேண்டும் என்றார் ஸ்கேனர்காரர். ஒழுகலும் இதுவும் தனித்தனி வியாதி என்றுதான் அன்று நினைத்தேன்.

அடுத்த வாரம் லீவு போட்டேன். முதல் வேலை, சுத்தம். டீசல் ஸ்ப்ரே அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, வாட்டர் வாஷ் செய்து, காற்றடித்து, மிச்சத்தைத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் துடைத்தேன். ஒரு கிலோ பனியன் வேஸ்ட் கறுத்துப் போனது. அலுமினியம் பளிச்சென்று தெரிந்தபிறகு, முகப் பவுடரைக் கையில் கொட்டி, பெட்டியின் பக்கங்களில் ஊதிவிட்டேன். அடியில், ஃப்ரிட்ஜ் வந்த அட்டையை விரித்து, சக்கரங்கள் நிற்கும் இடத்தைப் பேனாவால் வரைந்து வைத்தேன்.

வண்டியை ஸ்டார்ட் செய்து முக்கால் மணி நேரம் ஓடவிட்டேன். ரிவர்ஸ், டிரைவ் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரு சொட்டு இல்லை. அவிநாசி சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தேன். அப்போதும் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு அட்டை சுத்தம். காலை ஆறு மணிக்கு உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு ஆயில்.

அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. எல்லாப் பட்டறையிலும் வண்டியை ஓடவிட்டுத்தான் பார்த்தார்கள். ஓடும்போது இது ஒழுகவே இல்லை. நின்றால்தான் ஒழுகுகிறது. பேன் பேக்கிங் போயிருந்தால் சூட்டில், ஆயில் இளகியிருக்கும்போது இன்னும் அதிகமாக அல்லவா போக வேண்டும்?

காரணம் டார்க் கன்வெர்ட்டர், எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர் பெட்டிக்குக் கடத்தும் உருண்டைப் பாகம். எஞ்சின் ஓடும்போது பம்ப் ஆயிலை இழுத்து கன்வெர்ட்டரையும் மேலே இருக்கும் வழிகளையும் நிரப்பி வைத்திருக்கும். அணைத்தபிறகு, அங்கே இருந்த ஆயில் மெல்ல மெல்லப் பேனுக்கு இறங்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் மட்டம், ஓடும் வண்டியில் இருப்பதைவிட நன்றாக மேலே இருக்கும். அப்படியானால் ஓட்டை பேன் விளிம்புக்கு மேலே, ஓடும்போதைய மட்டத்துக்கும் நிற்கும்போதைய மட்டத்துக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அங்கிருந்து வழிந்து விளிம்பைச் சுற்றி ஓடி, தாழ்ந்த மூலையில் சொட்டுகிறது. நாங்கள் சொட்டும் மூலைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜாக்கி போட்டு, நான்கு ஸ்டாண்டும் வைத்து, முதுகில் படுத்து உள்ளே போனேன். பவுடரில் ஒரே ஒரு கோடு. விரல் தடிமனுக்கு, ரோஜா நிறத்தில், பேனின் விளிம்பிலிருந்து மேலே ஏறி, டிரைவர் பக்கம் இருக்கும் ஒரு தகரக் கவசத்துக்குப் பின்னால் போய் மறைந்தது. கவசத்தைக் கழற்றினால், பெட்டிக்குள் போகும் ஒயரிங் பிளக். 13 பின் உள்ள வட்டமான பிளக். அதன் கீழ் உதட்டில் ஆயில் மினுமினுத்தது. அதற்கு மேலே பவுடர் துளிகூட நனையவில்லை.

இந்த பிளக் வந்து உட்காருவது ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷுக்குள். அந்தப் புஷ்ஷில் இரண்டு ஓ-ரிங். ரப்பர் வயதாகி இறுகினால் அதன் வழியே ஆயில் வரும் என்பது இந்தப் பெட்டியோடு பழகியவர்களுக்குப் பாடமே. எனக்குத்தான் புதிது. பழைய டீசல் பென்ஸ் பார்க்கும் அண்ணன் ஒருவருக்கு ஃபோன் செய்து சொன்னேன். "அட, அதுங்களா தம்பி! பேனையே இறக்க வேண்டாமே, வெளியிலிருந்தே மாத்திரலாம்" என்றார். எட்டு மாதத்தில் அவரை ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கக்கூடாது.

சென்னை ஜி.பி. ரோட்டில் இருந்து புஷ் மூன்றாம் நாள் பார்சலில் வந்தது. தீக்குச்சி டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. முன் சீலுக்குச் சொன்ன தொகையில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை விலை.

வேலை அரை மணி நேரம். பிளக்கின் கழுத்தை இடப்பக்கமாகத் திருகினால் 'டக்' என்று விட்டுக்கொடுக்கும். இழுத்தால் வரும். புஷ்ஷின் நடுவே ஆழத்தில் 7 மில்லிமீட்டர் தலை உள்ள ஒரே போல்ட். நீளமான சாக்கெட் வேண்டும், அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் பின்களை வளைத்துவிடுவோம். போல்ட்டை எடுத்து புஷ்ஷை ஆட்டி உருவியதும், ஒரு பெரிய டம்ளர் ஆயில் முழங்கை வரை வழிந்து சட்டைக்குள் போனது. ராத்திரி நின்ற வண்டி அல்லவா? நான் போட்ட கணக்கு சரிதான் என்பதற்குச் சட்டையே சாட்சி. பழைய ஓ-ரிங்கை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். அமுங்கவில்லை. வளையலை உடைப்பது மாதிரி முறிந்தது. புது ஓ-ரிங்கில் கொஞ்சம் அதே ஆயிலைத் தடவி, நேராக அழுத்தி உட்காரவைத்து முடித்தேன்.

கழற்றிய பிளக்கைக் கவிழ்த்தால் அதற்குள்ளும் ஆயில். பயந்துகொண்டே எஞ்சின் அறையில் கியர் கம்ப்யூட்டர் இருக்கும் பெட்டியைத் திறந்தேன். அங்கே கனெக்டரிலும் சிவப்பு ஈரம்! விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது மாதிரி, ஒயரின் செம்பு இழைகளுக்கு நடுவே ஆயில் ஊர்ந்து ஊர்ந்து அவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது. காரமடையில் கழுத்தைப் பிடித்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஒரு நாள் தொங்கவிட்டு, மறுபடி அடித்துக் காயவைத்தேன். கம்ப்யூட்டருக்குள் ஆயில் போகவில்லை, அது என் அதிர்ஷ்டம். எலக்ட்ரிக்கல் தட்டை மாற்றவில்லை. பிழையை அழித்தேன், திரும்ப வரவில்லை.

கடைசியாக மட்டம். நீளமான கம்பிக் குச்சி ஒன்று கடன் வாங்கி, ஸ்கேனரில் ஆயில் சூடு 80 டிகிரி வரும்வரை ஓட்டிவிட்டு, சமதரையில் எஞ்சின் ஓட, பார்க்கில் வைத்து அளந்தேன். பென்ஸ் கணக்கில் 236.10 தர ஆயில் ஒன்றரை லிட்டர் கேட்டது. அதையும் கால் கால் லிட்டராகத்தான் ஊற்ற வேண்டும். குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், கூடினால் நுரைத்து வேறு வழியாக வெளியே வரும். மறுபடி ஒழுகல் தேட எனக்குத் தெம்பில்லை.

ஒயருக்குள் மிச்சமிருப்பது இன்னும் கொஞ்ச நாள் ஏறும் என்று அந்த அண்ணன் சொன்னதால், கம்ப்யூட்டர் கனெக்டர் அடியில் ஒரு பஞ்சு வைத்தேன். முதல் வாரம் நன்றாகவே சிவந்தது. அடுத்த மாதம் ஓரம் மட்டும். நேற்று எடுத்துப் பார்த்தேன், வெள்ளை. அட்டை பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. கறை மட்டும் போகவில்லை. எதைப் போட்டுத் தேய்த்தாலும் சிமென்ட் விடமாட்டேன் என்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை என்று அம்மா அதன் மேல் துளசித் தொட்டியை நகர்த்தி வைத்துவிட்டாள். இப்போது வண்டியின் பின்பாதி வெயிலில் நிற்கிறது.