காரைக்குடியில் பழைய வளவு வீட்டை வாடகைக்கு எடுக்கும் முன்

பல்கலைக்கழகத்திலோ சிக்ரியிலோ (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வேலை கிடைத்துக் காரைக்குடிக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது செக்காலை, சுப்பிரமணியபுரம், கல்லூரி சாலைப் பக்கத்துப் புது வீடுகளை. அதில் சிக்கல் குறைவு. தண்ணீர், தனி மீட்டர், வண்டி நிறுத்த இடம் மூன்றையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம். பழைய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வளவு வீட்டில் ஒரு பகுதியை எடுப்பது வேறு கணக்கு. சித்திரை வெயிலிலும் உள்ளே குளுமையாக இருக்கும், இடம் தாராளம். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் சாமான் இறக்கினால் பிறகு தினமும் பேச்சுவார்த்தைதான்.

முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பதல்ல, கொடுக்கிறவருக்குக் கொடுக்கும் உரிமை இருக்கிறதா என்பது. வீட்டைத் திறந்து காட்டுகிறவர் பெரும்பாலும் சாவி வைத்திருக்கும் ஆள். உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அவரும் ஒற்றை உரிமையாளராக இருப்பது அபூர்வம். தாத்தா கட்டிய வீடு பிள்ளைகள், பேரன்கள் என்று பங்கு பிரிந்திருக்கும். அறைகள் ஆளுக்கொன்றாக, வளவும் (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) முகப்பும் (வாசல் பக்கத்துப் பகுதி) பொதுவாக. சொத்து வரி ரசீது இன்னும் காலமானவர் பெயரில் வருவதும் உண்டு. அதனால் அந்த ரசீதையும் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலையும் கேட்டு, எந்த அறை யார் பங்கு, அடுப்படி யாருடையது, கிணறும் பின்கட்டும் பொதுவா என்று தெரிந்துகொள்ளுங்கள். பொது இடத்தைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் மற்றப் பங்காளிகளின் சம்மதம் எழுத்தில் வேண்டும். ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறார் என்றால் பவர் பத்திரத்தின் நகல் வேண்டும். இது இல்லாமல் குடிபோனால், பொங்கலுக்கு ஊர் வரும் இன்னொரு பங்காளி 'இந்த அடுப்படி எங்களுடையதாச்சே' என்று நிற்கும்போது உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கும்.

படைப்பையும் கல்யாணத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். முன்னோருக்குப் படைக்கவும் விசேஷங்கள் நடத்தவும் குடும்பம் இந்த வீட்டுக்குத்தான் வரும். அந்த நாட்களில் வளவு, இரண்டாங்கட்டு (வளவுக்கு அடுத்த பின்பகுதி), சமையல் இடம் அவர்களுக்கு வேண்டும். வருடத்துக்கு எத்தனை நாள், எத்தனை நாள் முன்பு சொல்வார்கள், அப்போது உங்கள் வண்டி எங்கே நிற்கும் என்பது வரை எழுதினால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு வராது.

2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். 11 மாத ஒப்பந்தம் என்றாலும் இதிலிருந்து தப்பிக்க முடியாது. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. வாடகை 12,000 என்றால் 36,000. பத்து மாத அட்வான்ஸ் என்று கேட்டு, அதில் நீங்கள் கையெழுத்தும் போட்டுவிட்டால் பிறகு பேச முடியாது.

உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் வாடகையிலிருந்து வரி பிடித்துக் கட்டும் பொறுப்பு குடியிருப்பவருடையது. 30 சதவீதம், அந்த வரித்தொகையின் மேல் 4 சதவீத செஸ் (கூடுதல் வரி), ஆக 31.2. வாடகை சிறியது என்பதற்காக இதில் விலக்கு கிடையாது. சிங்கப்பூர், மலேசியா உறவு நிறைந்த ஊரில் இதைப் பலர் கவனிப்பதே இல்லை. முதல் மாத வாடகை அனுப்பும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

கரண்ட் விஷயத்தில் பார்க்க வேண்டியது இரண்டு. வீடு முழுவதற்கும் ஒரே மீட்டர் என்றால் எல்லோருடைய யூனிட்டும் ஒன்றாகக் கூடி மேல் ஸ்லாபுக்குப் போய்விடும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் சட்டென்று ஏறும். தனி மீட்டர் கேளுங்கள். முடியாவிட்டால் சப்-மீட்டரும் யூனிட் விலையும் ஒப்பந்தத்தில் வரட்டும். அடுத்தது எர்த். மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய ஒயரிங்கில் எர்த் கம்பி இல்லாமலே மூன்று முனை சாக்கெட் மாட்டியிருப்பார்கள். எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதிக்காமல் ஹீட்டரோ ஏசியோ போடாதீர்கள்.

இனி தரையும் சுவரும். தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. சிமெண்டும் மணலும் வண்ணமும் கண்ணாடிப் பலகை மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. ஆசிட் பட்டால் மேல்பூச்சு அரித்து வெளுக்கும். அந்த வெளுப்பு திரும்பாது. வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும். எப்போதாவது துணியில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் மினுமினுப்பு வரும், அதிகமானால் வழுக்கும். செட்டிநாட்டுக் காரை (சுண்ணாம்புப் பூச்சு) பூசிய சுவரில் ஆணி அடிக்கவே கூடாது. ஓட்டை ஆணி அளவில் நிற்காது, சுற்றிலும் பட்டையாகப் பெயரும். அந்தப் பூச்சு தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது. சிமெண்டால் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி அக்கம்பக்கத்துக் காரையும் உதிரும். மரத்தில் ஏற்கெனவே இருக்கும் கொக்கிகளைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் நிற்கும் ஸ்டாண்ட் வாங்குங்கள்.

வீடு பார்க்க ஐப்பசி, கார்த்திகை மழை நல்ல சமயம். கோடையில் வந்தால் உத்திரத்தில் கறுத்த கோடு, சுவர் உச்சியில் உப்புப் பூத்த வெள்ளை இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். கூரையின் நாட்டு ஓடுகளைப் பூனையும் குரங்கும் நகர்த்திவிடும். மழைக்கு முன் ஆள் விட்டு ஓடு மாற்ற வேண்டும். கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, ஒயரிங் உரிமையாளர் பொறுப்பு என்றும் குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, சாக்கடை சுத்தம் குடியிருப்பவர் பொறுப்பு என்றும் சட்டத்தின் அட்டவணை பிரிக்கிறது. ஓடு மாற்றும் கூலி யாருடையது என்பதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள், தகராறு அதில்தான் வரும். வளவு வாசலின் தண்ணீர்ப் போக்கி அடைத்தால் ஒரே மழையில் பட்டாலை (மேடான கூடம்) வரை நீர் ஏறும். அதை வாரம் ஒருமுறை பார்ப்பது உங்கள் வேலை.

குடிபோகும் நாளில் ஒவ்வொரு கல்லையும் தூணையும் கதவையும் தேதி தெரியப் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். மீட்டர் அளவும் சாவிகளின் எண்ணிக்கையும் அதே செய்தியில் போகட்டும். காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள் முன்பணம் திரும்ப வர வேண்டும். எந்தக் கீறல் முன்பே இருந்தது என்று அப்போது அந்தப் படங்களை வைத்துத்தான் பேச முடியும்.