பழைய ஆங்கிலத்தில் நம்மை ஏமாற்றும் சொற்கள்

இந்தியப் பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சாகியிருக்கும். பாஸ்போர்ட் வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹின்ட்ரன்ஸ்' போக விடுங்கள் என்கிறது அது. 'லெட்' என்றால் விடு, அனுமதி என்றுதான் நமக்குத் தெரியும். அப்படி வைத்துப் படித்தால் 'அனுமதியும் தடையும் இல்லாமல்' என்று உளறலாகிவிடும். இந்த 'லெட்'டுக்கும் தடை என்றுதான் பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் தனித்தனியாக இருந்தன: விடுவதற்கு 'லேட்டன்', தடுப்பதற்கு 'லெட்டன்'. ஒலி தேய்ந்து இரண்டும் ஒன்றுபோல் ஆனபின், தடுக்கிற 'லெட்' பேச்சிலிருந்து மெல்ல விழுந்துவிட்டது. சட்ட வாசகங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஆவியைப் பின்தொடரும் ஹாம்லெட், தன்னை 'லெட்' செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்று கத்துவதும் இதே சொல்லை வைத்துத்தான்.

வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்கள் என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் இந்த மாதிரிச் சொற்கள் அதிகம் வருவதில்லை. வாயில் நுழையாத விநோதச் சொற்களே அங்கே நிறைந்திருக்கும். அவற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. புரியாத சொல்லைக் கண்டால் அகராதியைத் திறக்கிறோம், தப்பித்துவிடுகிறோம். 'லெட்', 'கார்ன்', 'மீட்' போன்ற சொற்களுக்கு யார் அகராதி பார்ப்பார்கள்? படிப்பவரும் மொழிபெயர்ப்பவரும் சறுக்குவது அங்கேதான்.

1611-இல் அச்சான கிங் ஜேம்ஸ் பைபிள் இதற்கு நல்ல பயிற்சிக் களம். அதில் 'கார்ன்' வாங்க யாக்கோபின் பிள்ளைகள் எகிப்துக்குப் போகிறார்கள். இதை மக்காச்சோளம் என்று எழுதினால் பெரிய பிழை. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர், கொலம்பஸ் 1492-இல் கடல் கடந்த பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது. அன்றைய ஆங்கிலத்தில் 'கார்ன்' என்றால் பொதுவாகத் தானியம். அந்தந்த வட்டாரத்தில் எது முக்கியப் பயிரோ அதையும் குறிக்கும்: இங்கிலாந்தில் கோதுமை, ஸ்காட்லாந்தில் ஓட்ஸ். 1815 முதல் 1846 வரை பிரிட்டனை உலுக்கிய 'கார்ன் லாஸ்' என்பதைத் தானியச் சட்டங்கள் என்றே சொல்ல வேண்டும்.

அதே பைபிளில் 119-ஆம் சங்கீதத்தைப் பாடியவர் விடியலை 'பிரிவென்ட்' செய்தேன் என்கிறார். விடியலை அவர் தடுக்கவில்லை, விடியும் முன்பே எழுந்தார். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'முன்னே வருதல்' என்று பொருள். ஒருவருக்கு முன்னே வந்து நின்றால் வழி மறிக்கவும் செய்யலாம் அல்லவா, அப்படித்தான் இன்றைய பொருள் வந்து சேர்ந்தது. 'சஃபர்' என்றால் அனுமதி, குழந்தைகளை என்னிடம் வரவிடுங்கள் என்ற இடத்தில் வருவது அதுதான். 'குவிக்' என்றால் உயிருள்ள. பாதரசத்துக்கு 'குவிக்சில்வர்' என்று பெயர் வந்ததும், நகத்தடியில் வலி தெரியும் சதைக்கு 'குவிக்' என்று பெயர் வந்ததும் இதனால்தான். 'மீட்' என்பது எல்லா உணவையும் குறித்தது. மாமிசமே சேராத இனிப்புப் பண்டத்தை 'ஸ்வீட்மீட்' என்கிறார்களே, அந்தப் பழைய பொருளின் மிச்சம் அது.

இடத்தைக் காட்டும் சொற்களில் தமிழ் படித்தவருக்கு ஒரு வசதி உண்டு. இ, அ, எ என்று நாம் சுட்டையும் வினாவையும் வைத்திருப்பதுபோல் ஆங்கிலத்திலும் ஒரு வரிசை இருந்தது. ஹியர், தேர், வேர் என்றால் இங்கே, அங்கே, எங்கே. ஹிதர், திதர், விதர் என்றால் இவ்விடத்துக்கு, அவ்விடத்துக்கு, எவ்விடத்துக்கு. ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ் என்றால் இங்கிருந்து, அங்கிருந்து, எங்கிருந்து. இந்த ஒன்பதையும் மூன்று வரியாக எழுதிப் பார்த்தால் போதும், மனப்பாடம் செய்யவே வேண்டாம். 'த்ரீ டேஸ் ஹென்ஸ்' என்று காலத்துக்கு வரும்போது இன்றிலிருந்து மூன்று நாள் கழித்து என்று கொள்ள வேண்டும். கிரையப் பத்திரங்களில் வரும் ஹியரின், தேரின், வேரின் ஆகியவையும் இதே கிளைதான்: இதில், அதில், எதில்.

இந்த வரிசைக்குள் ஒரு குழி இருக்கிறது. 'வேர்ஃபோர்' என்பதற்கு எங்கே என்று பொருள் இல்லை, எதற்காக, ஏன் என்று பொருள். மாடத்தில் நின்று ஜூலியட் கேட்பது, ரோமியோ, நீ எங்கே இருக்கிறாய் என்று அல்ல. பகைவர் குடும்பத்துப் பெயரைத் தாங்கிய ரோமியோவாக நீ ஏன் இருக்க வேண்டும் என்பதுதான் அவள் துயரம். அடுத்தடுத்த வரிகளெல்லாம் பெயரைப் பற்றியே பேசுவதைக் கவனித்தால் சந்தேகமே வராது. சட்ட ஆவணங்களில் இன்னொரு நுணுக்கம்: கடைசியில் 'இ' எழுத்து இல்லாத 'தேர்ஃபோர்' என்றால் அதற்காக, 'இ' இருந்தால் ஆகையால். அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடக் கூடாது.

'தௌ' பற்றி இருக்கும் தவறான எண்ணத்தைப் போக்குவது மிக அவசியம் என்று நினைக்கிறேன். பைபிளில் கடவுளை 'தௌ' என்று அழைப்பதால் அது மரியாதைச் சொல் என்று பலரும் நம்புகிறார்கள். அது நம் 'நீ'. கடவுளிடமும் காதலியிடமும் வேலைக்காரனிடமும் சொல்லலாம். 'யூ' என்ற பன்மைதான் நம் 'நீங்கள்' போல மரியாதைக்கு உயர்ந்தது. 1603-இல் ஆங்கிலக் கடலோடி வால்டர் ராலி மீது நடந்த ராஜத்துரோக விசாரணையில், அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரை 'தௌ' என்றே விளித்து, அப்படி விளிக்கிறேன் என்று சொல்லியும் காட்டினார். அது அப்பட்டமான அவமதிப்பு.

இலக்கணம் கடினமில்லை. எழுவாயாக வந்தால் தௌ, செயப்படுபொருளானால் தீ. 'உன்' என்று சொல்ல, மெய்யொலிக்கு முன் தை, உயிரொலிக்கு முன் தைன். தௌவோடு வரும் வினை 'எஸ்ட்' என்று முடியும். ஆர்ட், ஹாஸ்ட், ஷால்ட் மாதிரிச் சில விலக்குகள் உண்டு. 'எத்' என்று முடியும் வினை அவன், அவள், அதுவுக்கு மட்டுமே. பழைய வாடை வேண்டும் என்று எல்லா வினையிலும் 'எத்' ஒட்டுவது, 'நான் போகிறான்' என்று எழுதுவதற்குச் சமம். பன்மையில் எழுவாய்க்கு 'யீ', செயப்படுபொருளுக்கு 'யூ'. 'யீ ஷல் நோ த ட்ரூத், அண்ட் த ட்ரூத் ஷல் மேக் யூ ஃப்ரீ' என்ற யோவான் வசனத்தில் இரண்டும் அதனதன் இடத்தில் நிற்கின்றன.

கடைப் பலகைகளில் வரும் 'யீ ஓல்ட்' இதில் சேராது. அங்கே வரும் 'யீ' உண்மையில் 'த' என்ற சொல்தான். 'த்' ஒலிக்கு 'தார்ன்' என்று ஓர் எழுத்து இருந்தது. கையெழுத்தில் அது 'ஒய்' போலத் தேய்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த அச்செழுத்துகளில் தார்ன் இல்லாததால் அச்சுக்காரர்கள் 'ஒய்' வைத்தார்கள். படிக்கும்போது 'த' என்றே படிக்க வேண்டும்.

18-ஆம் நூற்றாண்டு வரையான அச்சில் நீள 'எஸ்' ஒன்றும் வரும். பார்க்க 'எஃப்' மாதிரி இருக்கும். குறுக்குக் கோடு இடப்பக்கம் மட்டும் நீளும், அல்லது இருக்கவே இருக்காது. சொல்லின் முதலிலும் நடுவிலும் இது, கடைசியில் சாதாரண 'எஸ்'. 1800-ஐ ஒட்டி மறைந்துவிட்டது. மின்னாக்கம் செய்த நூல்களில் 'சேம்' என்று தேடிக் கிடைக்காவிட்டால் 'ஃபேம்' என்றும் தேடிப் பாருங்கள். கணினி அப்படித்தான் படித்து வைத்திருக்கும்.

காலச் சொற்களில் 'பிரெசன்ட்லி', 'அனான்' இரண்டும் முதலில் உடனே என்றே பொருள்பட்டன. பிறகு சற்று நேரத்தில் என்று தளர்ந்தன. நாம் 'இதோ வந்துட்டேன்' என்று சொல்லிவிட்டு அரைமணி கழித்து வருவது போலத்தான். கம்பெனிக் காலத்துக் கடிதங்களைப் படிப்பவர்களுக்கு இன்னும் மூன்று சொற்கள் தேவை: 'இன்ஸ்டன்ட்' என்றால் இந்த மாதம், 'அல்டிமோ' போன மாதம், 'ப்ராக்ஸிமோ' வரும் மாதம். பெரும்பாலும் இன்ஸ்ட், அல்ட், ப்ராக்ஸ் என்று சுருக்கியிருப்பார்கள். மார்ச் 3 தேதியிட்ட கடிதத்தில் '28 அல்ட்' என்றால் பிப்ரவரி 28. ஒரு கடிதத்தைப் பின்னொரு கடிதத்தில் அப்படியே நகலெடுத்திருந்தால் மூலக் கடிதத்தின் தேதியை வைத்தே கணக்கிட வேண்டும். நகலின் தேதியைப் பிடித்தால் மாதமே மாறிப்போகும்.

பட்டியல்களில் வரும் விநோதச் சொல் ஏதேனும் பிடித்துப்போனால், அகராதியில் அதன் குறியைப் பாருங்கள். 'அப்சலீட்' என்றால் புழக்கத்திலேயே இல்லை. 'ஆர்க்கேயிக்' என்றால் பழமை தோன்ற இன்னும் ஆள்கிறார்கள். 'ஹிஸ்டாரிக்கல்' என்றால் அந்தப் பொருளே மறைந்துவிட்டது, சொல் மட்டும் வரலாற்று நூல்களில் வாழ்கிறது. பிறகு மேற்கோள்களைப் பாருங்கள், யாராவது வாக்கியத்தில் எழுதியிருக்கிறார்களா என்று. குளிர்கால வெயிலின் இதத்தைக் குறிக்கும் 'அப்ரிசிட்டி' அழகான சொல்தான், ஆனால் ஹென்றி காக்கரம் 1623-இல் வெளியிட்ட அகராதியே அதற்கு முக்கிய ஆதாரம். அகராதியில் இருப்பதாலேயே ஒரு சொல் இருந்தது என்று ஆகாது. வெப்ஸ்டர் அகராதியின் 1934 பதிப்பில் 'டார்ட்' என்ற சொல்லுக்கு அடர்த்தி என்று பொருள் போட்டிருந்தார்கள். 'டி' என்ற எழுத்து, பெரிதாகவோ சிறிதாகவோ, அடர்த்தியின் சுருக்கம் என்பதைச் சொல்ல 'டி ஆர் டி' என்று எழுதிய சீட்டை ஒரே சொல்லாகச் சேர்த்துப் படித்ததன் விளைவு அது. 1939-இல்தான் கண்டுபிடித்தார்கள்.