ஈரல் கொழுப்பு: எந்தக் கலம், எந்தப் புரதம்?

ஸ்கான் ரிப்போர்ட்டில் 'ஃபற்றி லிவர், கிரேட் 1' என்று வந்தால் திருகோணமலையில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். ஒருவர் "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று அதை அலுமாரிக்குள் வைத்துவிடுவார். மற்றவர் அன்றைக்கே கீழ்காய்நெல்லி அவிக்கத் தொடங்குவார். அந்த வரி கொழுப்பைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அழற்சி ஸ்கானில் தெரியாது. ஈரலைத் தழும்பாக்குவதோ அழற்சிதான்.

ஈரலின் பருமனில் சுமார் 80 சதவீதம் ஈரற்கலங்கள். கொழுப்புத் துளி சேர்வது இவற்றுக்குள்ளே. நுண்குழாய்களின் உட்பக்கம் குப்பர் கலங்கள் காவல் இருக்கும், குப்பையை விழுங்குவதும் அவைதான். குழாய்ச் சுவருக்குப் பின்னால் விற்றமின் ஏ சேமித்தபடி சும்மா கிடப்பவை நட்சத்திரக் கலங்கள்.

கொழுப்புத் தாங்காமல் ஈரற்கலம் சிதையும்போது அதன் துண்டுகளும், குடலிலிருந்து வரும் பற்றீரியாச் சுவர்த் துணுக்குகளும் குப்பர் கலத்தைச் சீண்டுகின்றன. உள்ளே என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதம் கூட்டுச் சேர்ந்து காஸ்பேஸ்-1 என்ற நொதியை எழுப்ப, அது இன்டர்லியூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தை வெட்டி வெளியே அனுப்பும். கூடவே ரி.ஜி.எப். பீட்டா என்ற புரதமும் போய்ச் சேர்ந்தால் நட்சத்திரக் கலம் விற்றமினைக் கைவிட்டுக் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை நூற்கத் தொடங்கும். தழும்பு என்பது அந்தக் கொலாஜன்தான்.

"அப்படியென்றால் அழற்சிப் புரதத்தை அடைத்தால் சரிதானே?" அங்கேதான் சிக்கல். என்.எப். கப்பா பி என்ற புரதத்தின் பாதையை எலிகளின் விழுங்கு கலங்களில் (குப்பர் கலம் போன்றவை) அடைத்தபோது அழற்சி தணிந்தது. அதே பாதையை ஈரற்கலங்களில் மட்டும் அறுத்த 2007ஆம் ஆண்டு ஆய்வில் கலங்கள் செத்து, கொழுப்பழற்சி வந்து, புற்றுநோய் வரை போனது. ஈரற்கலத்துக்கு அந்தப் புரதம் சாவைத் தடுக்கும் காப்பு. ட்ரெம்-2 என்ற புரதம் இன்னொரு மாதிரி. புதிதாக வந்துசேரும் விழுங்கு கலங்களில் இருந்து, செத்த கலங்களை அள்ளித் துப்புரவாக்கும். அழற்சி கூடினால் ஆடம்-17 என்ற நொதி அதை வெட்டிவிடும். குப்பை அப்படியே கிடக்கும்.

விழுங்கு கலங்களை வரவிடாமல் தடுக்கப் பார்த்த செனிக்ரிவிரோக் என்ற மருந்து மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் இந்தக் கொழுப்பழற்சிக்கு முதலாவதாக அனுமதி பெற்ற ரெஸ்மெற்றிரோம் என்ற மருந்து ஈரற்கலத்துக்குள் கொழுப்பை எரிப்பது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. சுமையைக் குறைக்காமல் காவலாளியின் வாயை மட்டும் அடைத்து என்ன பயன்?

80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தால் கொழுப்பு இறங்கும். அழற்சி அடங்க 6 முதல் 8 கிலோ வேண்டும். பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் குறைக்கப் போனால் பித்தப்பையில் கல் வரலாம், அழற்சியும் கூடலாம். முதலில் விடவேண்டியது போத்தல் சோடாவும் சீனித் தேத்தண்ணியும். பனங்கட்டி கடித்துக் குடித்தாலும் ஈரலுக்குப் போவது அதே புருக்றோஸ்தான்.

தழும்பு இருக்குமா என்று பார்க்க ஃபிப்-4 கணக்கு உண்டு. இரத்தப் பரிசோதனையில் வரும் ஏ.எஸ்.ரி., ஏ.எல்.ரி. என்ற இரண்டு ஈரல் நொதிகளின் அளவு வேண்டும். வயதை ஏ.எஸ்.ரி.யால் பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணை ஏ.எல்.ரி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அந்த விடையால் முதல் தொகையை வகுங்கள். வயது 52, ஏ.எஸ்.ரி. 48, ஏ.எல்.ரி. 64, பிளேட்லெட் 210 என்றால்: 2496ஐ 1680ஆல் வகுக்க 1.49. 1.3க்குக் கீழே என்றால் இப்போதைக்குப் பயமில்லை (65 வயது தாண்டியவருக்கு 2.0). 2.67க்கு மேலே என்றால் ஈரல் நிபுணர். இடையில் நின்றால் ஃபைப்ரோஸ்கான், அதாவது ஈரலின் விறைப்பை அளக்கும் ஸ்கான்.

பிளேட்லெட் 2,10,000 என்று ரிப்போர்ட்டில் இருந்தால் 210 என்றே போடவேண்டும். முழு எண்ணையும் போட்டால் விடை ஆயிரத்தில் ஒரு பங்காகி, எல்லாரும் சுகதேகிகள் ஆகிவிடுவார்கள். டெங்கு இதற்கு நேர் எதிர். பிளேட்லெட் விழும், ஏ.எஸ்.ரி. ஏறும், இல்லாத தழும்பு கணக்கில் தெரியும். மாரியில் காய்ச்சல் வந்து எடுத்த ரிப்போர்ட்டை வைத்துக் கணக்குப் போடாமல், உடம்பு தேறிச் சில வாரம் கழித்து இரத்தம் கொடுங்கள்.