ஹியூமன் பெர்ஃபார்மன்ஸ் பேப்பரை எப்படிப் படிப்பது?

ஐரோப்பிய முறையில் ஏடிபிஎல், அதாவது பயணிகள் விமானம் ஓட்டும் விமானி உரிமத்துக்குப் படிப்பவர்களுக்கு, விமானியின் உடலும் மனமும் செயல்படும் விதம் பற்றிய இந்த 040 பேப்பர் என்றால் ஒரு நிம்மதி. நேவிகேஷன் மாதிரி கணக்கு கிடையாது, கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். ஆனால் தேற இதிலும் 75 சதவீதம் வேண்டும். முதலில் உடலியல், அப்புறம் உளவியல் என்று போனது எனக்கு வசதியாக இருந்தது.

அதிக நேரத்தை ஹைபாக்ஸியாவுக்கு, அதாவது உடலுக்கு ஆக்சிஜன் போதாத நிலைக்குக் கொடுங்கள். எவ்வளவு உயரம் போனாலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், குறைவது அழுத்தம். 18,000 அடியில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. இது பிடிபட்டால் மற்றவை தானாக வரும். கூடுதல் ஆக்சிஜன் இல்லாமல் உருப்படியாகச் செயல்பட 25,000 அடியில் 3 முதல் 5 நிமிடம் கிடைக்கும், 35,000 அடியில் 30 முதல் 60 நொடி. புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும், ஒரே அட்டவணையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஹைபாக்ஸியாவின் மோசமான குணம், பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது. 2005 ஆகஸ்ட் 14 அன்று ஹீலியோஸ் 522 விமானத்தில் கேபின் அழுத்த சுவிட்ச் 'மேனுவல்' நிலையில் இருந்ததால் உள்ளே அழுத்தம் தானாகச் சீராகவில்லை. எச்சரிக்கை ஒலித்தும், அதே சத்தம் கொண்ட டேக்ஆஃப் எச்சரிக்கை என்றே விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். 121 பேர் இறந்தார்கள். உடலியலும் உளவியலும் ஒரே காக்பிட்டில் சேர்ந்த சம்பவம் இது. எந்த வரையறையை விடவும் எனக்கு உதவியது.

சமநிலையை உணர்த்தும் உள்காது பற்றிய பகுதிக்கு ஏர் இந்தியா 855 விமான விபத்து போதும். 1978 ஜனவரி 1, பம்பாய், இரவு, கீழே கடல், தொடுவானம் தெரியாது. கேப்டனின் சாய்வுமானி வலப்பக்கச் சாய்வைக் காட்டியபடி நின்றுவிட, அதை நம்பி அவர் இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே போனார். 213 பேர் இறந்தார்கள். மெதுவான சாய்வு உள்காதுக்கு உறைக்காது என்பதைப் படிக்கும்போது இந்த விமானத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

உளவியலில்தான் நாலு விடையும் சரி மாதிரி இருக்கும். ஸ்லிப், லாப்ஸ், மிஸ்டேக் என்ற மூன்று வகைத் தவறுகள் குழப்பினால் முதலில் எண்ணத்தைப் பாருங்கள். எண்ணம் சரி, கை தவறியது என்றால் ஸ்லிப். செய்யவே மறந்தால் லாப்ஸ். திட்டமே தப்பு என்றால் மிஸ்டேக்.

கேள்வி வங்கியைக் கடைசியில் திறங்கள். முதலிலேயே திறந்தால் விடை மட்டும் மனதில் நிற்கும், கேள்வியின் வார்த்தையைக் கொஞ்சம் மாற்றினாலே ஆட்டம் கண்டுவிடும்.