வணிகர் வாழ்ந்த கல்வீட்டுக்கு அனுமதி பெற்ற அனுபவம்

இங்கிலாந்தின் வடமேற்கே, லூன் ஆற்றங்கரையில் இருக்கும் லங்காஸ்டர் நகரில், 18ஆம் நூற்றாண்டில் ஒரு கடல் வணிகர் கட்டிய மணற்கல் வீட்டை நானும் என் கணவரும் வாங்கியபோது, எங்களிடம் மூன்று திட்டங்கள் இருந்தன. முகப்புச் சுவரின் கல் சந்துகளில் அடைத்திருந்த சிமெண்டை அகற்ற வேண்டும். பின்பக்கத்துப் பிளாஸ்டிக் சன்னலை எடுத்துவிட்டு மரச்சன்னல் வைக்க வேண்டும். கீழ்த்தளத்தில் இரு அறைகளுக்கு இடையிலுள்ள சுவரை இடித்துப் பெரிய சமையலறை அமைக்க வேண்டும். முதல் இரண்டும் நிறைவேறுகின்றன. மூன்றாவதை நாங்களே கைவிட்டோம்.

வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் உள்ளது. பட்டியலில் இருக்கும் கட்டடங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இதே தரத்தைச் சேர்ந்தவை என்பதால், விதிகள் தளர்வாகவே இருக்கும் என்று எண்ணியிருந்தோம். ஆனால் பாதுகாப்பு முகப்புக்கு மட்டுமன்று, உள்ளே இருக்கும் படிக்கட்டுக்கும் கதவுக்கும் கூட உண்டு என்பதையும், கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் வேலையை அனுமதியின்றிச் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் பிறகுதான் அறிந்தோம். அனுமதி கேட்டு நகராட்சியிடம் கொடுக்கும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. உழைப்பு முழுவதும் அதனுடன் இணைக்க வேண்டிய மரபு மதிப்பு அறிக்கையில்தான் இருக்கிறது.

நான் எழுதிய முதல் அறிக்கை முகப்பின் அழகைப் பற்றியது மட்டுமே. சீராகச் செதுக்கிய கற்கள், வாசலுக்கு மேல் முக்கோண முகடு, இருபுறமும் ஒத்த அளவில் அமைந்த தூக்குச் சன்னல்கள் என ஜார்ஜ் மன்னர்கள் காலத்துக் கட்டடக்கலையை வருணித்திருந்தேன். படிக்கட்டின் மகோகனிக் கைப்பிடியை லங்காஸ்டரின் புகழ்பெற்ற கில்லோ தச்சுக்கூடம் செய்தது என்றும் எழுதிவிட்டேன். மரபுப் பாதுகாப்பு அலுவலர் பொறுமையாக இரண்டு கேள்விகள் கேட்டார்: கில்லோ என்பதற்கு ஆவணம் உண்டா? இந்த வீட்டில் வியாபாரம் எங்கே நடந்தது? முதல் கேள்விக்கு என்னிடம் விடை இல்லாததால் அந்த வரியை நீக்கினேன். இரண்டாவது கேள்வி என்னை மறுபடியும் வீட்டுக்குள் அனுப்பியது.

வாசலையொட்டிய சிறிய அறையில், சுவருக்குள் பதித்த அலமாரி ஒன்று இருக்கிறது; அதன் கதவின் உள்விளிம்பில் பெரிய பூட்டு பொருத்திய தழும்பு இன்றும் தெரிகிறது. வந்தவர் அந்த அறையோடு திரும்பியிருக்கலாம், குடும்பம் வாழ்ந்த அறைகளுக்குள் நுழைய வேண்டியதில்லை. அது கணக்கறையாக இருந்திருக்க வாய்ப்புண்டு என்றும், அதை அடுத்த அறையிலிருந்து பிரித்து நிறுத்துவது நாங்கள் இடிக்க நினைத்த சுவர்தான் என்றும் புரிந்ததும், இருவருக்கும் மனம் மாறிவிட்டது.

அந்த அறையைப் பற்றி எழுதும்போது, கணக்குகளில் என்ன இருந்திருக்கும் என்பதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பிரிட்டனின் அடிமை வணிகத் துறைமுகங்களில் லங்காஸ்டர் நான்காவது பெரியதாக இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளாக்கப்பட்டவர்களின் உழைப்பில் விளைந்த சர்க்கரையும் ரம்மும், அங்கிருந்து வந்த மகோகனியும் இறங்கிய துறை இது. அதே கில்லோ குடும்பத்து ரிச்சர்ட் கில்லோ வடிவமைத்து 1764இல் எழுந்த சுங்க மாளிகையும், பிடித்துச் செல்லப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்காக 2005இல் நிறுவிய நினைவுச்சின்னமும் ஒரே துறைமுகச் சாலையில் நிற்கின்றன. எங்கள் வீட்டை எழுப்பிய பணம் எந்தக் கப்பலில் வந்தது என்பதற்கு என்னிடம் ஆவணம் இல்லை. ஆனால் இந்த வணிகத்தைச் சொல்லாமல் கல்லின் அழகை மட்டும் புகழும் அறிக்கை நேர்மையானதாகாது என்று உறுதியாக நம்பினேன். திருத்திய அறிக்கையில் அதற்கே முதலிடம் கொடுத்தேன்.

எட்டு வாரக் கெடுவுக்குள் அனுமதி வந்தது. அதில் ஒரு நிபந்தனை இருந்தது: ஒரு சதுர மீட்டர் அளவில் சுண்ணாம்புச் சாந்து பூசிக் காட்டி, ஒப்புதல் பெற்ற பிறகே மற்றதைத் தொடங்க வேண்டும். முன்பு யாரோ அடைத்த சிமெண்ட் கல்லைவிடக் கடினமாக இருந்ததால், சுவருக்குள் இறங்கிய ஈரம் சந்து வழியே வெளியேற முடியாமல் கல்லின் வழியாகவே வெளியேறியிருக்கிறது. விரலால் தேய்த்தாலே கல் மாவாக உதிர்ந்தது. கொத்தனார் இயந்திரத்தைத் தொடாமல் சிற்றுளியால் சந்து சந்தாகச் சிமெண்டைப் பெயர்த்தார். மூன்று மணல் கலவைகளைப் பூசிக் காட்டியதில், பழைய சாந்தின் மங்கிய மஞ்சளுக்கு நெருக்கமாக உலர்ந்த இரண்டாவதை அலுவலர் தேர்ந்தெடுத்தார்.

பனி விழும் முன் சாந்து இறுக வேண்டும் என்பதால் செப்டம்பரிலேயே முகப்பை முடித்து, வேகமாகக் காய்ந்துவிடாமலிருக்க ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டோம். தினமும் காலையும் மாலையும் அவற்றுக்குத் தண்ணீர் தெளித்தது நான்தான். பின்பக்கத்து மரச்சன்னல் இப்போது தச்சரிடம் இருக்கிறது, வசந்தத்தில் பொருத்துவார்.